நாலு வீட்டுச் சாமான், ஒரே வாசல்

அமெரிக்காவில் பத்துப் பன்னிரண்டு வருஷம் குடித்தனம் நடத்திய வீட்டின் கராஜைத் திறந்தால் காரை உள்ளே விட இடம் இருக்காது. முதல் அபார்ட்மென்டுக்கு வாங்கிய சாப்பாட்டு மேஜை, பிள்ளை தவழ்ந்த நாளில் மாடிப்படிக்கு மாட்டிய தடுப்புக் கதவு, ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தபோது எடுத்த குளிர் கோட்டுகள், ஒரே சீசனில் சின்னதாகிப் போன சாக்கர் ஷூக்கள், துணி காயப் போடுவதற்கு மட்டும் பயன்படும் டிரெட்மில். எல்லாமே நல்ல நிலையில் இருக்கும். தூக்கிப் போட மனசு வராது, வைத்துக்கொள்ளவும் முடியாது. இதற்கு இந்த நாட்டில் காலங்காலமாக இருக்கும் வழி யார்ட் சேல். வாசலில், டிரைவ்வேயில், புல்தரையில் சாமானைப் பரப்பி, ஒரு சனிக்கிழமை காலையில் விற்றுவிடுவது. கராஜ் சேல் என்பதும் இதுதான். கனெக்டிகட் பக்கம் போனால் டேக் சேல் என்று பலகை வைத்திருப்பார்கள்.

தனியாகவும் போடலாம். ஆனால் ஒரு வீட்டுச் சாமான் இரண்டு மேஜைக்கு மேல் வராது. தெருவில் போகும் கார் வேகத்தைக் குறைத்து, எட்டிப் பார்த்துவிட்டு, நிற்காமல் போய்விடும். மூன்று நாலு குடும்பம் சேர்ந்தால் மேஜை எட்டு பத்தாகும், துணி மாட்ட ரேக் நிற்கும், குழந்தைச் சாமான் தனி, கருவிகள் தனி என்று பிரிக்க முடியும். விளம்பரத்தில் 'மல்ட்டி ஃபேமிலி' என்று ஒரு வார்த்தை இருந்தாலே பக்கத்து ஊரிலிருந்து ஆட்கள் கிளம்பி வருகிறார்கள். வேலையும் பகிர்ந்து போகும். கல்லாவில் ஒருவர், மேஜைகளைச் சுற்றி இருவர், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர் என்று குறைந்தது நாலு பெரியவர்கள் வேண்டிய வேலை இது.

பணத்தைப் பொறுத்தவரை ஆசையை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்துக்கு நூறு இருநூறு டாலர் கிடைத்தால் நல்ல விற்பனை. உறவென்று சொல்லிக்கொள்ள ஆளில்லாத நாட்டில், பிரசவத்துக்குப் பத்தியச் சோறு கொண்டுவந்து கொடுத்த சிநேகிதியோடு அந்த நூறு டாலருக்காக முகம் சுளிக்க நேரக்கூடாது. இந்த அத்தியாயம் முழுவதையும் அந்தக் கவலையோடுதான் எழுதியிருக்கிறேன். நான் இருப்பது நியூ ஜெர்சி என்பதால் உதாரணங்கள் இங்கிருந்து வரும். மற்ற மாநிலங்களில் இருப்பவர்கள் உங்கள் ஊர் விதியை ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த வீடு, எந்த நாள்

யார் வீட்டில் போடுவது என்பதைத் தெருவைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பெரிய சாலைக்குப் பக்கத்தில் திரும்பியதும் தெரிகிற வீடு, இரண்டு பக்கமும் கார் நிறுத்த முடிகிற தெரு, சரிவில்லாத டிரைவ்வே. இது மூன்றும் உள்ள வீடு சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. டவுன்ஹவுஸ், காண்டோ என்றால் எச்.ஓ.ஏ. என்கிற வீட்டு உரிமையாளர் சங்கத்தின் சம்மதம் வேண்டும். பல இடங்களில் தனியாகப் போட விடமாட்டார்கள், குடியிருப்பு முழுக்கச் சேர்ந்து வருஷத்துக்கு ஒரு நாள் என்று வைத்திருப்பார்கள். தனி வீடாக இருந்தாலும் பல டவுன்ஷிப்களில் பெர்மிட் எடுக்க வேண்டும். கட்டணம் பெரிதாக இருக்காது. ஒரே முகவரியில் வருஷத்துக்கு இத்தனை முறைதான் என்று வரம்பு இருக்கலாம். டவுன்ஷிப் கிளர்க் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். ஊரே சேர்ந்து விற்கும் 'டவுன்வைட்' நாள் உங்கள் ஊரில் இருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். அன்றைக்குக் கூட்டத்தை நீங்கள் தேட வேண்டியதில்லை.

நியூ ஜெர்சிக்கு மே, ஜூன், செப்டம்பர் நல்ல மாதங்கள். மெமோரியல் டே, லேபர் டே நீண்ட வாரயிறுதிகளில் பாதிப் பேர் கடற்கரைக்குப் போயிருப்பார்கள். தமிழ்ப் பள்ளி ஆண்டு விழா, கோயில் கும்பாபிஷேகம் என்று நாலு குடும்பத்தின் நாட்காட்டியையும் சேர்த்துப் பார்த்துச் சனிக்கிழமையைக் குறியுங்கள். மழை வந்தால் எந்த நாள் என்பதையும் அப்போதே முடிவு செய்து விளம்பரத்தில் போட்டுவிடுங்கள்.

வாசல் கொடுக்கும் குடும்பத்துக்குத்தான் பாரம் அதிகம். அவர்கள் புல்தான் மிதிபடும், அவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்தான் காரை மறித்துவிட்டார்கள் என்று வந்து நிற்பார், யாராவது தடுக்கி விழுந்தால் அவர்கள் வீட்டுக் காப்பீட்டைத்தான் தொடும். அதனால் முதல் நாள் மேஜை தூக்குவதும் கடைசியில் குப்பை அள்ளுவதும் மற்ற மூன்று குடும்பங்களின் வேலை. இதை அவர்கள் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். நீங்களே சொல்லிவிடுங்கள்.

காப்பியோடு ஒரு மாலை

மூன்று வாரம் முன்னதாக, நாலு வீட்டிலிருந்தும் கணவன் மனைவி இருவருமாக உட்கார்ந்து பேசுங்கள். வாட்ஸப்பில் பேசி முடிக்கிற விஷயம் இல்லை இது. அங்கே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு மனசுக்குள் வேறு நினைப்பவர்கள் உண்டு.

முதலில் பேச வேண்டியது விலையைக் குறைக்கும் அதிகாரம். எங்கே சிக்கல் வருகிறது என்பதைக் கிட்டே போய்ப் பாருங்கள். ரொட்டி சுடும் மெஷின் ஒன்று, புதிதாக வாங்கிய அட்டைப் பெட்டியோடு, பதினைந்து டாலர் ஸ்டிக்கரோடு மேஜையில் இருக்கிறது. அதன் சொந்தக்காரி குழந்தைக்குச் சோறூட்ட உள்ளே போயிருக்கிறாள். வந்தவர் மூடியைத் திறக்கிறார், உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்க்கிறார், எட்டு டாலரை நீட்டுகிறார். மேஜையில் நிற்கும் சிநேகிதி, விற்றால் நல்லதுதானே என்று கொடுத்துவிடுகிறாள். சொந்தக்காரி வெளியே வருகிறாள். "எட்டுக்கா குடுத்தீங்க அக்கா? பரவால்ல, விடுங்க." அந்தப் 'பரவால்ல'வில் பரவாயில்லை என்பது இல்லை. அது அடுத்த பொங்கல் விருந்து வரைக்கும் கூட வரும்.

இதற்கு ஒரு விதி போதும். ஸ்டிக்கர் விலையில் கால் பங்கு வரை யார் வேண்டுமானாலும் யாரையும் கேட்காமல் குறைக்கலாம். அதற்கு மேல் என்றால் சொந்தக்காரரைக் கூப்பிட வேண்டும். இருபது டாலருக்கு மேற்பட்ட சாமான்களுக்கு மட்டும், இதற்குக் கீழே போகாதே என்கிற அடிமட்ட விலையை ஒரு தாளில் எழுதிக் கல்லாவில் ஒட்டிவிடுங்கள். பதினொரு மணிக்கு மேல் எல்லாமே பாதி விலை என்பதையும் இப்போதே ஒத்துக்கொள்ளுங்கள். இதற்கு ஒப்பாத சாமான் இருந்தால் அதை மேஜைக்கே கொண்டுவராதீர்கள்.

அடுத்தது, ஒரே மாதிரிச் சாமான். தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளை ஏறக்குறைய ஒரே வயதில் வளர்த்திருப்பார்கள், ஒருவரைக் கேட்டு ஒருவர் வாங்கியிருப்பார்கள். ஆகவே இரண்டு ஸ்ட்ரோலர், மூன்று ஹை சேர், நாலு ஐகியா புத்தக அலமாரி வந்து நிற்கும். அதிலும் ஒரு குடும்பம் ஊரோடு திரும்பிப் போகிறது என்றால் அவர்களுக்கு எல்லாம் போய்த் தொலைந்தால் போதும், விலையை மிகவும் கீழே வைப்பார்கள். பக்கத்தில் நிற்கும் அடுத்தவர் ஸ்ட்ரோலரை யாரும் தொட மாட்டார்கள். இந்தச் சாமான்களை மட்டும் சேர்த்து நிறுத்தி, நிலைமையைப் பார்த்து இரண்டு பேரும் சேர்ந்து விலை எழுதுங்கள். ஊருக்குப் போகிறவர்களின் சாமான் முதலில் விற்கட்டும் என்று மற்றவர்கள் விட்டுக்கொடுத்தால் இன்னும் நல்லது. அவர்களுக்குத் தேதி இருக்கிறது, உங்களுக்கு இல்லை.

மிஞ்சியதை என்ன செய்வது என்பதுதான் பேசாமல் விடப்படும் கேள்வி. பேசாமல் விட்டால் எல்லாம் வாசல் கொடுத்தவர் கராஜிலேயே தங்கிவிடும். "அடுத்த வாரம் வந்து எடுத்துக்கிறேன்" என்று சொன்ன சோஃபா தீபாவளிக்கும் அங்கேதான் இருக்கும். விற்பனை முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் அவரவர் சாமான் அவரவர் காரில் ஏற வேண்டும், அல்லது நன்கொடைக் குவியலுக்குப் போக வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

பரிசாக வந்தவை

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. நண்பர்களோடு சேர்ந்து விற்கும்போது, அந்த நண்பர்கள் உங்களுக்குக் கொடுத்த பரிசுகளும் உங்கள் கராஜில்தான் இருக்கும். கிரகப்பிரவேசத்துக்கு வந்த சுவர்க் கடிகாரம், பிள்ளையின் முதல் பிறந்தநாளுக்கு வந்த பொம்மை ரயில், வளைகாப்புக்கு வந்த போட்டோ ஃப்ரேம். யார் கொடுத்தது என்று உங்களுக்கு மறந்திருக்கும். கொடுத்தவருக்கு மறக்காது. ஐம்பது சென்ட் ஸ்டிக்கரோடு அது மேஜையில் இருப்பதை அவரே எடுத்து நேராக வைக்க நேர்ந்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

நான்கு குடும்பத்தில் யாருடைய கை பட்ட பரிசும் அந்த மேஜைக்கு வரக்கூடாது. சந்தேகமாக இருந்தால் அதுவும் வரக்கூடாது. நேராக நன்கொடைக்குக் கொடுத்துவிடுங்கள்.

பிள்ளைகளின் சாமானிலும் இதே கவனம் வேண்டும். பெரியவர்களுக்கு உடைந்த பிளாஸ்டிக் டைனோசராகத் தெரிவது அவனுக்கு வேறு. முன்கூட்டியே பெட்டியைக் கொடுத்து, விற்கச் சம்மதமானதை அவனே போடட்டும், விற்ற காசும் அவனுக்கே என்று சொல்லுங்கள். கேட்காமல் விற்ற ஒரு பொம்மைக்காகத் தெருவில் ஒரு குழந்தை அழுதுகொண்டே காரின் பின்னால் ஓடியதைப் பார்த்தவர்கள் இந்த விதியை மீற மாட்டார்கள். கணவரின் பழைய கிரிக்கெட் மட்டைக்கும் மனைவியின் வீணை உறைக்கும் கூட இதே விதிதான்.

பட்டுப் புடவை, கொலு பொம்மை, வெண்கலப் பானை, இட்லிக் கொப்பரை இவற்றை யார்ட் சேலில் வைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பட்டுப் புடவையை இங்கே ஜன்னல் திரைக்கும் தலையணை உறைக்கும் துணியாகத்தான் பார்ப்பார்கள், இரண்டு மூன்று டாலருக்கு மேல் கேட்க மாட்டார்கள். நம்மவர் குழுக்களில் ஒரு படம் போட்டால், புதிதாக வந்த குடும்பம் ஆசையோடு எடுத்துக்கொண்டு போகும்.

விற்கவே கூடாதவை

இதில் விளையாட்டு இல்லை. 2008-ல் வந்த நுகர்வோர் பொருள் பாதுகாப்பு மேம்பாட்டுச் சட்டத்தின்படி, திரும்பப் பெறப்பட்ட, அதாவது ரீகால் ஆன பொருளை விற்பது அமெரிக்காவில் சட்ட விரோதம். கடைக்காரருக்கு மட்டுமில்லை, வாசலில் விற்பவருக்கும் இது பொருந்தும். சி.பி.எஸ்.சி. என்கிற நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் இணையதளத்தில் பொருளின் பெயரையும் மாடல் எண்ணையும் போட்டுத் தேடலாம். குழந்தைச் சாமான் ஒவ்வொன்றையும் தேடிப் பார்த்த பிறகே ஸ்டிக்கர் ஒட்டுங்கள்.

நம் வீடுகளில் அதிகம் கிடப்பவற்றைச் சொல்கிறேன். ஒரு பக்கத்துக் கம்பியை மேலே கீழே இறக்கும் குழந்தைக் கட்டில்: கைக்குழந்தைகள் இடுக்கில் சிக்கி இறந்ததால் 2011 ஜூன் முதல் அதை விற்கத் தடை. சாய்வாகப் படுக்க வைக்கும் ஃபிஷர் பிரைஸ் ராக் அன் பிளே: 2019-ல் சுமார் 47 லட்சம் திரும்பப் பெறப்பட்டன. ஐகியாவின் மால்ம் இழுப்பறை அலமாரி: குழந்தைகள் மேல் சாய்ந்து விழுந்ததால் 2016-ல் அந்த வகை அலமாரிகள் 2 கோடியே 90 லட்சம் ரீகால் ஆயின. இன்றைக்கும் எத்தனையோ படுக்கையறைகளில் நிற்கின்றன. கார் சீட்டுக்குக் காலாவதித் தேதி உண்டு, அடியில் அச்சிட்டிருக்கும். விபத்தில் பட்ட கார் சீட் பார்க்க முழுதாக இருந்தாலும் உள்ளே விரிசல் விட்டிருக்கலாம். தேதி தாண்டியதையும் விபத்தில் பட்டதையும் விற்காதீர்கள், இனாமாகவும் கொடுக்காதீர்கள். 1978-க்கு முந்திய பெயின்ட் அடித்த பழைய தொட்டிலில் ஈயம் இருக்கக்கூடும்.

பாத்திரத்துக்கு வருவோம். இறக்குமதியான சில அலுமினிய, பித்தளை, ஹிண்டாலியம் பாத்திரங்களிலிருந்து ஈயம் உணவில் இறங்குவதாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025-ல் எச்சரித்து, பட்டியலும் வெளியிட்டது. பட்டியலில் உள்ளதைப் பயன்படுத்தாதீர்கள், பிறருக்கும் கொடுக்காதீர்கள் என்பது அவர்கள் சொன்னது. ஊரிலிருந்து பெட்டியில் வந்த கடாய் எந்தக் கம்பெனி என்று தெரியாவிட்டால் அதை மேஜையில் வைக்காமல் இருப்பதே நியாயம். வாங்கிப் போகிறவர் வீட்டிலும் குழந்தை இருக்கும்.

ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்ஸி, கிரைண்டர் 220 வோல்ட்டுக்குச் செய்தவை. இங்கே மின்சாரம் 120 வோல்ட். தெரியாமல் வாங்கிப் போனவருக்கு அது ஓடாது. விற்பதானால் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள், டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் சேர்த்தே கொடுங்கள்.

பிள்ளைகள் எலுமிச்சை ஜூஸ் மேஜை போடுவார்கள், அழகான காட்சி. அதைப் பார்த்துவிட்டு, "நாமளும் சூடா போண்டா போட்டு விக்கலாமே" என்று யாராவது கிளப்புவார்கள். வேண்டாம். நியூ ஜெர்சியில் வீட்டில் செய்த பேக்கரிப் பண்டங்களை விற்பதற்கே 2021-ல்தான் வழி பிறந்தது, அதற்கும் பெர்மிட் எடுக்க வேண்டும். போண்டாவை நீங்கள் சாப்பிடுங்கள், பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒரு தட்டு கொடுங்கள்.

விலை

புதிதாக வாங்கிய விலையில் பத்தில் ஒரு பங்கு, மிக நல்ல நிலையில் இருந்தால் ஐந்தில் ஒரு பங்கு. இதை அளவாக வைத்துக்கொண்டால் போதும். துணி ஒன்றிரண்டு டாலர், சின்னப் புத்தகம் ஐம்பது சென்ட், கெட்டி அட்டைப் புத்தகம் ஒரு டாலர். நாம் கொடுத்த விலை மனசில் இருப்பதால் கை தயங்கும். வாங்குபவர் அதைப் பார்ப்பதில்லை, தன் காரில் ஏற்றிப் போகத் தகுமா என்றுதான் பார்க்கிறார். எல்லாச் சாமானுக்கும் விலை எழுதியிருக்க வேண்டும். விலை இல்லாத சாமானைக் கூச்சமுள்ளவர்கள் கேட்காமலே வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். முழு டாலர் அல்லது ஐம்பது சென்ட், கால் டாலர் கணக்கில் எழுதினால் சில்லறைத் தொல்லை குறையும்.

ஆனால் பழைய பீங்கான், வெள்ளி, கைக்கடிகாரம், நாணயம், ஓவியம் போன்றவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு விலை போடாதீர்கள். நியூயார்க் மாநிலத்தில் ஒரு குடும்பம் 2007-ல் கராஜ் சேலில் மூன்று டாலருக்கு வாங்கிய வெள்ளைக் கிண்ணம், சீனாவின் வட சோங் அரச காலத்தது என்று தெரியவந்து, 2013 மார்ச்சில் சோத்பிஸ் ஏலத்தில் 22 லட்சம் டாலருக்கு மேல் போனது. கனெக்டிகட்டில் 35 டாலருக்கு வாங்கிய மிங் காலத்துக் கிண்ணம் 2021-ல் 7 லட்சத்து 21 ஆயிரம் டாலருக்குப் போனது. இப்படி நடப்பது மிக அபூர்வம். ஆனாலும் நம் பாட்டி கொடுத்த வெள்ளிச் சொம்பும் பழைய தஞ்சாவூர்ப் படமும் தேய்ந்த தகரமாகவும் தூசி படிந்த கண்ணாடியாகவும்தான் முதலில் தெரியும். போனில் படம் எடுத்துப் பத்து நிமிஷம் தேடுவதில் நஷ்டமில்லை.

வாங்க வருகிறவர்களில் இதையே தொழிலாகச் செய்பவர்கள் உண்டு, பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் அதைவிட அதிகம். மிச்சிகனிலிருந்து அலபாமா வரை 127-ஆம் நெடுஞ்சாலையை ஒட்டி, சுமார் 690 மைல் நீளத்துக்கு, 1987-லிருந்து ஒவ்வொரு ஆகஸ்ட் தொடக்கத்திலும் யார்ட் சேல் நடக்கிறது. அதற்காக விடுமுறை எடுத்துப் போகிறார்கள். அவர்களுக்குப் பேரம் தெரியும். அமெரிக்கக் கடைகளில் வாயைத் திறக்காத மனிதர் இங்கே, "அஞ்சுக்குத் தருவீங்களா?" என்று தயங்காமல் கேட்பார். அதை அவமதிப்பாக எடுக்காதீர்கள். பாண்டி பஜாரில் நாம் கேட்டதைத்தான் அவர் கேட்கிறார். சிரித்த முகத்தோடு, "ஏழுன்னா எடுத்துக்குங்க" என்றால் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்.

அந்தக் காலை

விளம்பரத்தில் எட்டு மணி என்று போட்டால் ஏழுக்கே ஆள் வரும். கையில் டார்ச்சோடு, நகை இருக்கிறதா, பழைய லெகோ இருக்கிறதா, கருவிப் பெட்டி இருக்கிறதா என்று கேட்பார்கள். நாலு குடும்பமும் வந்து சேராமல் எதையும் விற்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வந்த குடும்பத்தின் சாமான் மட்டும் நல்ல விலைக்குப் போனால் பிந்தி வந்தவருக்கு வருத்தம்தான்.

சாமானை முதல் நாள் இரவே கராஜுக்குள் மேஜையோடு அடுக்கிவைத்தால் காலையில் வெளியே தூக்கி வைப்பதோடு முடியும். கருவி, சைக்கிள், புல்வெட்டும் மெஷின் இவற்றைத் தெருவுக்குப் பக்கத்தில் வையுங்கள், கார்கள் அதைப் பார்த்து நிற்கும். துணியைக் குவிக்காமல் ஹேங்கரில் மாட்டுங்கள். பொம்மைகளைத் தரையில் விரிப்புப் போட்டுக் குழந்தையின் கண்மட்டத்தில் வையுங்கள். மின்சாரச் சாமானை ஓட்டிக் காட்ட ஒரு எக்ஸ்டென்ஷன் கம்பி வேண்டும், அதைத் தரையோடு டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். கராஜில் விற்பனைக்கில்லாத சாமானைப் போர்வையால் மூடுங்கள். திறந்திருந்தால் உங்கள் ஸ்னோ புளோயரையும் விலை கேட்பார்கள். வீட்டுக் கதவு பூட்டியே இருக்கட்டும். பாத்ரூம் கேட்டால் பக்கத்துப் பெட்ரோல் பங்கைப் பணிவாகக் காட்டுங்கள்.

மேஜைக்கு வரும் முன் ஒவ்வொரு கைப்பையையும், சூட்கேஸின் உள் ஜிப்பையும், கோட்டுப் பையையும் கைவிட்டுப் பாருங்கள். ஊருக்குப் போய்வந்த பெட்டியின் உறைக்குள் அம்மா சொருகி வைத்த நூறு ரூபாய்த் தாள்கள், கம்மல், சில சமயம் பாஸ்போர்ட்டே இருக்கும். பழைய லேப்டாப், போனில் உள்ளதை முழுக்க அழிக்காமல் கொடுக்கக் கூடாது.

கல்லா ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். நாலு குடும்பமும் தனித்தனியே காசு வாங்கினால் வருகிறவருக்கும் குழப்பம், நமக்கும் குழப்பம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நிற ஸ்டிக்கர். விற்றதும் ஸ்டிக்கரை உரித்து, நோட்டில் அந்தக் குடும்பத்தின் பக்கத்தில் ஒட்டி, உண்மையில் வாங்கிய தொகையைப் பக்கத்தில் எழுதுங்கள். கல்யாண வீட்டு மொய் நோட்டைப் போல ஒருவர் வாங்கி எண்ண, ஒருவர் எழுத வேண்டும். நாலு வீட்டுச் சாமானையும் சேர்த்து எடுத்து, "மொத்தமா இருபது" என்று ஒருவர் நீட்டினால், இருபதை எந்தச் சாமானுக்கு எவ்வளவு என்று அந்த நிமிஷமே பிரித்து எழுதுங்கள். மத்தியானம் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

பணத்தைப் பெட்டியில் வைக்காமல் இடுப்புப் பையில் வையுங்கள். தொடக்கச் சில்லறையாக நூறு டாலரை ஒரு டாலர், ஐந்து டாலர் தாள்களாகவும் கொஞ்சம் குவார்ட்டர் நாணயங்களாகவும் முதல் நாளே வங்கியில் மாற்றிக்கொள்ளுங்கள். காலையிலேயே இரண்டு டாலர் சாமானுக்கு நூறு டாலர்த் தாளை நீட்டினால் சில்லறை இல்லை என்று சொல்லிவிடலாம். வென்மோ, ஸெல் வழியாகப் பணம் வந்தால் ஒரே போனுக்கு வரட்டும். வாங்குபவர் காட்டும் திரையை நம்பாமல் உங்கள் போனில் வந்து சேர்ந்ததா என்று பார்த்த பிறகே சாமானைக் கையில் கொடுங்கள்.

கடைசி ஒரு மணி நேரம் துணிக்கும் புத்தகத்துக்கும் 'ஒரு பை ஒரு டாலர்' என்று எழுதி வையுங்கள். தூக்கிப் போகிற வேலையை மற்றவர்கள் செய்துகொடுக்கிறார்கள், அதுவே லாபம்.

முடிந்த பிறகு

மிஞ்சிய நல்ல சாமானைக் குட்வில், சால்வேஷன் ஆர்மி போன்ற இடங்களுக்கும், மேஜை நாற்காலிகளை ஹேபிடேட் ஃபார் ஹ்யூமானிட்டியின் ரீஸ்டோருக்கும் கொடுக்கலாம். எதை எடுப்பார்கள் என்று முன்பே கேட்டுவிடுங்கள். பழைய டி.வி., கம்ப்யூட்டர், மானிட்டரை நியூ ஜெர்சியில் தெருக் குப்பையில் போட 2011 ஜனவரி முதல் தடை. கவுன்ட்டியின் மின்கழிவு நாளில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

கணக்கை அன்றே, எல்லோரும் இருக்கும்போதே முடியுங்கள். முதலில் தொடக்கச் சில்லறையை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, கையில் உள்ள பணத்தையும் போனில் வந்ததையும் கூட்டி, நோட்டின் மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். ஐந்தாறு டாலர் குறையும். அதைப் பொதுச் செலவில் எழுதிவிட்டு மேலே போங்கள். யார் எப்போது தப்பாகக் கொடுத்தது என்று ஆராயத் தொடங்காதீர்கள்.

பொதுச் செலவை எப்படிப் பிரிப்பது என்பதற்கு ஒரு உதாரணம். நாலு குடும்பம் 310, 145, 90, 55 டாலருக்கு விற்றார்கள், மொத்தம் 600. பெர்மிட், விளம்பரம், வாடகை மேஜை எல்லாமாக 60. சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 15, கைக்கு வருவது 295, 130, 75, 40. விற்ற அளவுக்கேற்பப் பத்து சதவீதம் என்று பிரித்தால் 279, 130.50, 81, 49.50. குறைவாக விற்ற குடும்பத்துக்கு இரண்டாவது முறையில் ஒன்பதரை டாலர் கூட வருகிறது. நான் இரண்டாவது முறையைத்தான் சொல்வேன். அதிகம் விற்றவருக்கே மேஜையும் இடமும் அதிகம் பட்டிருக்கும். ஆனால் எந்த முறை என்பது அந்தக் காப்பி மாலையிலேயே முடிவாகியிருக்க வேண்டும். பணத்தைக் கண்ணால் பார்த்த பிறகு பேசினால் இரண்டுமே கணக்குப் பார்ப்பதாகத் தோன்றும்.

நோட்டின் பக்கங்களைப் படமெடுத்து நாலு வீட்டுக்கும் அனுப்புங்கள். சொந்த உபயோகத்துக்கு வாங்கியதை வாங்கிய விலைக்குக் கீழே விற்றால் அந்தப் பணத்துக்கு மத்திய அரசின் வருமான வரி இல்லை, நஷ்டத்தையும் வரியில் கழிக்க முடியாது. விற்பனை வரி விஷயம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு.

பலகைகளைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். வைக்கும்போது மின்கம்பத்தில் ஆணி அடிக்காதீர்கள், பல ஊர்களில் அதற்கு அபராதம். அக்கம்பக்கத்தாரின் தபால் பெட்டியில் நோட்டீஸ் சொருகாதீர்கள், தபால்தலை ஒட்டாத எதையும் அதில் போடுவது மத்திய அரசின் சட்டப்படி குற்றம். குச்சியில் ஒட்டிய பலகையைத் திருப்பங்களில் நட்டு, முகவரியும் அம்புக்குறியும் ஓடும் காரிலிருந்து தெரியுமளவு பெரிதாக எழுதினால் போதும். எத்தனை நட்டீர்கள், எங்கெங்கே என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, நட்டவர் பெயரையும் போட்டுவிடுங்கள். அன்று சாயங்காலமே அவரே போய்ப் பிடுங்கி வரவேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் ஞாயிறு காலை ஏழு மணிக்கு யாராவது வந்து வாசல் கொடுத்தவர் வீட்டு மணியை அடிப்பார்கள்.